கறுப்பு வைரம் வாங்குமுன்: இயற்கை நிறம், பதப்படுத்தியது, மாற்றுக் கல் – எது யாருக்கு?

கறுப்புக் கல் வைத்த மோதிரம்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் அடுத்த படியில்தான் தடுமாறுகிறார்கள். முன்னால் வைத்த நான்கு கற்களும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே பட்டை. விலையோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் "பிளாக் டயமண்ட்" என்ற பெயரே சொல்லப்படும். அவற்றில் ஒன்று மண்ணுக்குள்ளேயே கறுத்த வைரமாக இருக்கலாம், ஒன்று உலையில் கறுத்த வைரம், ஒன்று மொய்சனைட் (செயற்கைக் கல்), ஒன்று ஸ்பினல் (வைரமல்லாத இயற்கைக் கல்). நான்கும் விற்கத் தகுந்த நல்ல கற்களே. ஒன்றின் பெயரில் இன்னொன்றுக்குப் பணம் கொடுக்கும்போதுதான் நஷ்டம்.

நிறமற்ற வைரத்தை வாங்கிப் பழகிய கண்ணோடு இதைப் பார்க்கக் கூடாது. நிறமற்ற வைரத்தில் ஒளி உள்ளே புகுந்து, அடிப் பட்டைகளில் பட்டுத் திரும்பி வருகிறது. அதுதான் அதன் ஜொலிப்பு. கறுப்புக் கல்லுக்குள் புகுந்த ஒளி வெளியே வருவதே இல்லை. நம் கண்ணுக்குத் தெரிவது முழுக்க மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளிதான். ஆகவே தெளிவுத் தரம் (கிளாரிட்டி) என்ற கேள்வி இங்கே எழுவதில்லை. மேற்பரப்பு எப்படி இருக்கிறது, நிறம் எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கேள்விகளுமே விலையையும் ஆயுளையும் தீர்மானிக்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

பளபளப்பு. ஒளிவிலகல் எண் (கல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) கூடக் கூட மேற்பரப்பில் தெறிக்கும் ஒளியும் கூடும். வைரம் தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 17 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. மொய்சனைட் சுமார் 20, கியூபிக் சிர்கோனியா (வைரம்போல் தோன்றும் மலிவான செயற்கைக் கல்) சுமார் 13, ஸ்பினல் 7, ஒனிக்ஸ் நாலரை. கறுப்பு ஒனிக்ஸ் மெழுகு பூசியதுபோலவும் கறுப்பு வைரம் ஏறக்குறைய உலோகம் போலவும் தெரிவதற்கு இதுதான் காரணம்.

கீறலும் உடைவும். இரண்டும் வேறு வேறு. கடினம் என்பது கீறலைத் தாங்குவது (மோஸ் அளவுகோலில் 1 முதல் 10 வரை குறிப்பார்கள்). உறுதி என்பது அடியைத் தாங்குவது. வைரத்தை எதுவும் எளிதில் கீறாது. ஆனால் உள்ளே விரிசல் உள்ள வைரம் கல்தரையில் விழுந்தால் ஓரம் தெறிக்கும்.

நிறத்தின் மூலம். இயற்கையா, வெப்பமா, கதிர்வீச்சா என்பது. கண்ணால் இதை உறுதிப்படுத்த முடியாது. ஆய்வகச் சான்றிதழில் அந்த ஒரு வரிதான் பேசும்.

பட்டறையில் எப்படி நடந்துகொள்ளும். பதிக்கும்போது, மோதிர அளவு மாற்றும்போது, கொக்கி தேய்ந்து புதுப்பிக்கும்போது. மறைமுகச் செலவுகளில் பெரும்பங்கு இங்கேதான் வருகிறது.

| கல் | மோஸ் கடினம் | ஒப்படர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு கனம்) | பளபளப்பு | முக்கியப் பலவீனம் |
|---|---|---|---|---|
| இயற்கை நிறக் கறுப்பு வைரம் | 10 | சுமார் 3.52 | மிக அதிகம் | மேற்பரப்பை எட்டும் விரிசல்கள், குழிகள் |
| பதப்படுத்திய கறுப்பு வைரம் | 10 | சுமார் 3.52 | மிக அதிகம் | விரிசல்கள் இன்னும் அதிகம் |
| கறுப்பு மொய்சனைட் | 9¼ | 3.22 | மிக அதிகம் | வைரம் என்று விற்கப்படுவது |
| கறுப்பு சபையர் | 9 | 4.00 | நடுத்தரம் | பட்டைகள் மங்கலாகத் தெரியும் |
| கறுப்பு ஸ்பினல் | 8 | 3.60 | நடுத்தரம் | பட்டை முனைகள் மெல்லத் தேயும் |
| கியூபிக் சிர்கோனியா | 8–8½ | 5.6–6.0 | அதிகம் | முனைகள் சீக்கிரம் மழுங்கும் |
| ஒனிக்ஸ் | 6½–7 | 2.6 | குறைவு | தூசியே கீறிவிடும் |

## இயற்கை நிறக் கறுப்பு வைரம்

இதன் கறுப்பு, வைரத்தின் சொந்த நிறம் அன்று. கண்ணுக்குத் தெரியாத அளவில் அடர்ந்து கிடக்கும் கிராஃபைட், மாக்னடைட், ஹெமடைட் போன்ற துகள்களின் கறுப்பு அது. துகள்கள் அடர்ந்து கிடந்தால் கல் கரிக் கறுப்பு. இடைவெளி இருந்தால் பலமான விளக்கொளியில் சாம்பல் அல்லது பழுப்பு நிறத் திட்டுகள் தெரியும். பழம்பெயர் பெற்ற பிளாக் ஓர்லவ் கல்லைக்கூட (67.50 காரட்) கரிக் கறுப்பு என்று யாரும் சொல்வதில்லை, துப்பாக்கி உலோகத்தின் நிறம் என்றுதான் வருணிப்பார்கள். எனவே லேசான சாம்பல் சாயலைக் குறையாக எண்ணி ஒதுக்க வேண்டாம். மாறாக, மலிவான விலையில் துளிகூடச் சீரின்மை இல்லாத மையிருட்டுக் கறுப்பைக் கண்டால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஜிஐஏ (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) போன்ற ஆய்வகங்கள் இதற்கு "ஃபேன்சி பிளாக்" என்ற ஒரே நிறப் பெயரைத் தருகின்றன. மஞ்சள், நீல வைரங்களுக்கு உள்ள வெளிர், அடர் என்ற படிநிலைகள் இதற்கில்லை. தெளிவுத் தரமும் குறிக்கப்படுவதில்லை. ஆகவே ஒருவர் கறுப்பு வைரத்துக்கு "விவிஎஸ் தெளிவு" (மிக மிகச் சிறிய குறைகளே உள்ள தரம்) என்றோ "ஏஏஏ தரம்" என்றோ சொன்னால், அது விற்பவர் சூட்டிய பெயர். அந்த எழுத்துகளுக்குக் கூடுதல் பணம் தரத் தேவையில்லை.

தோஷம் இருக்கும் இடம் மேற்பரப்பு. உள்ளே இருக்கும் துகள்கள் பட்டை தீட்டும்போது வெளியே வந்தால் அங்கே கிராஃபைட் பெயர்ந்து குழி விழும். மென்மையான புள்ளியும் கடினமான வைரமும் அருகருகே இருப்பதால் தீட்டும் சக்கரம் தடுமாறி, பட்டைமேல் இழுத்த கோடுகள் விழும். கல்லைத் துடைத்து, 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பின் (நகைக்காரர் கைக்கண்ணாடி) கீழ் வைத்து, மேல்தட்டில் ஒரு விளக்கின் பிம்பம் விழும்படி சாய்த்துப் பாருங்கள். பிம்பத்தின் ஓரம் கத்தி வெட்டியதுபோல் இருந்தால் மெருகு நன்று. பிம்பம் நெளிந்தாலோ, அதில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தாலோ, அந்தக் கல் தோட்டுக்கு ஆகலாம், மோதிரத்துக்கு ஆகாது. அடுத்து கல்லின் சுற்று விளிம்பை முழு வட்டமாகத் திருப்பிப் பாருங்கள். கொக்கி அழுத்தும் இடத்தில் விரிசல் ஒன்று வெளியே வந்திருந்தால், பதிக்கும் அன்றே கல் தெறிக்கக்கூடும்.

மறைமுகச் செலவு: சான்றிதழ் இல்லாத இயற்கைக் கறுப்பு வைரத்தை விற்கப் போனால், வாங்குபவர் அதைப் பதப்படுத்திய கல்லாகவே மதிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு வேறு வழியில்லை. ஒரு காரட்டுக்குக் கீழுள்ள கல்லில் சோதனைக் கட்டணமும் அனுப்பும் காப்பீடும் சேர்ந்து கல்லின் விலையில் கவனிக்கத்தக்க பங்காகிவிடும். அதனால் சிறு கற்களில் இயற்கை நிறத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு நியாயம் குறைவு. பெரிய தனிக்கல்லில்தான் அந்தப் பணத்துக்கு மதிப்பு உண்டு.

இதே வரிசையில் கார்பனாடோவையும் சொல்லிவிட வேண்டும். இது தனிப் படிகமன்று. நுண்ணிய வைரப் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டிப்போன துளைகளுள்ள பொருள். பிரேசிலிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் மட்டுமே கிடைக்கிறது. சாதாரண வைரத்துக்குள்ள பிளவுத் திசைகள் இதற்கு இல்லை. அதனால் உடைப்பது கடினம், தீட்டுவது அதைவிடக் கடினம். 1895-ல் பிரேசிலின் பாஹியாவில் கிடைத்த 3,167 காரட் "செர்ஜியோ" துண்டு துண்டாக்கப்பட்டுத் துளையிடும் கருவிகளுக்கே போனது. 55 பட்டைகளோடு தீட்டப்பட்ட 555.55 காரட் "எனிக்மா" 2022 பிப்ரவரியில் சோதபீஸ் ஏலத்தில் விற்பனையானது. நகைக்கடை மோதிரத்தில் கார்பனாடோ என்று யாராவது சொன்னால், ஆய்வக அறிக்கையைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

## பதப்படுத்திய கறுப்பு வைரம்

நகைகளில் காணும் கறுப்பு வைரங்களில் மிகப் பெரும்பாலானவை இவை. மூலக்கல் இயற்கை வைரமேதான். விரிசல் மண்டிய, சாம்பல் பூத்த, வேறெதற்கும் ஆகாத தரம். அதைக் காற்றில்லாத உலையில் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்குகிறார்கள். விரிசல்களின் சுவர்கள் கிராஃபைட்டாக மாறி, ஆயிரம் கறுப்பு இழைகள் சேர்ந்து கல்லையே கறுப்பாகக் காட்டுகின்றன. இந்த நிறம் மங்காது, வெளுக்காது, வியர்வைக்கும் வெயிலுக்கும் அசையாது. இந்த விஷயத்தில் பயம் தேவையில்லை.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. நிறத்தைக் கொடுக்கும் விரிசலேதான் கல்லைப் பலவீனப்படுத்துவதும். கறுப்பு எவ்வளவு சீராக இருக்கிறதோ அவ்வளவு விரிசல் உள்ளே இருக்கிறது. பட்டை முனைகளில் பொடிப்பொடியாகப் பல் விழுந்திருப்பது இவற்றில் சாதாரணம். கடும் ஆக்சிஜனேற்ற அமிலத்தில் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யும் வழக்கமுள்ள பட்டறையில் கொடுத்தால், மேற்பரப்பை எட்டிய கிராஃபைட் கரைந்து, அங்கே வெளிறிய கோடு விழும். நீராவியும் அல்ட்ராசோனிக் தொட்டியும் (ஒலி அதிர்வால் கழுவும் தொட்டி) விரிசலைத் திறந்துவிடக்கூடும். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, மெல்லிய பிரஷ் போதும்.

கதிர்வீச்சு செய்த வகை தனி. அது உண்மையில் கறுப்பு இல்லை, மிக அடர்ந்த பச்சை அல்லது நீலப்பச்சை. மெல்லிய ஒளிக்கற்றையை விளிம்பின் மெல்லிய பகுதி வழியாகச் செலுத்தினால் பச்சை தெரிந்துவிடும். விரிசல் குறைந்த கல்லையும் இம்முறையில் கறுக்க வைக்கலாம் என்பதால் சில சமயம் வெப்பமூட்டியதைவிட உறுதியாக இருக்கும். ஆனால் இதன் நிறம் பட்டறைத் தீயில் மாறக்கூடும். நகையைப் பழுதுபார்க்கும்போது கல்லைக் கழற்றியே ஆக வேண்டும். அணு உலையில் வைத்த கற்கள், எஞ்சிய கதிரியக்கம் அனுமதித்த அளவுக்குத் தணிந்த பிறகே விற்பனைக்கு வர வேண்டும். மூலம் தெரியாத பழைய கதிர்வீச்சுக் கல்லை ஆய்வகத்தில் அளந்துவிட்டு அணிவது நல்லது.

மறைமுகச் செலவு என்றால் மறுவிற்பனைதான். ஏறக்குறைய இல்லை என்று எண்ணிக்கொண்டே வாங்குங்கள். அணிவதற்காக வாங்குபவருக்கு அது ஒரு பொருட்டில்லை. வைரம்தான் வேண்டும், கறுப்பாக வேண்டும், அளவாகச் செலவிட வேண்டும் என்பவருக்கு என் பரிந்துரை இதுவே. பில்லில் "வெப்பம் மூலம் பதப்படுத்தியது" என்று எழுதி வாங்குங்கள். அதை எழுதித் தயங்காமல் கொடுப்பவரிடம் வாங்குவதே பாதிப் பாதுகாப்பு.

## ஆய்வகத்தில் வளர்த்த கறுப்பு வைரம்

குறைகள் மலிந்த கல்லாகவோ, போரான் மிகுந்து கறுப்பாகத் தெரியும் அடர்நீலக் கல்லாகவோ கிடைக்கிறது. வேதியியலில் வைரமேதான். வெப்பமூட்டியதைவிட விரிசல் குறைந்த துண்டு கிடைத்தால் மோதிரத்துக்கு நல்ல தேர்வு. வைரத்துக்குப் புவியின் வயது வேண்டும் என்று நினைப்பவருக்கு இது உதவாது.

## கறுப்பு மொய்சனைட்

சிலிக்கன் கார்பைடு. நகைகளில் வருவது முழுக்கச் செயற்கை. பளபளப்பில் வைரத்தை ஒரு படி மிஞ்சுகிறது, பிளவுத் திசைத் தொல்லை இல்லை, பட்டறைத் தீயைத் தாங்குகிறது. தினமும் கையில் கிடந்து மேசையிலும் கதவிலும் இடிபடும் மோதிரம் என்றால், விரிசல் மண்டிய வைரத்தைவிட இதுவே பல ஆண்டுகள் முனை மழுங்காமல் நிற்கும். இதைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. பத்து என்ற கடினம் உடையாமையையும் தரும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

இதில் அளவுக் குழப்பம் உண்டு. 6.5 மில்லிமீட்டர் உருண்டை வைரம் சுமார் 1 காரட். அதே அளவு மொய்சனைட் சுமார் 0.9 காரட். சிலர் "வைரத்துக்குச் சமமான காரட்" என்று எழுதி விற்பார்கள். எந்தக் கல்லையும் மில்லிமீட்டரில் கேளுங்கள். அப்போது ஒப்பிடுவது எளிது.

## கறுப்பு ஸ்பினல்

இயற்கையாகவே கறுப்பு, சாயமோ உலையோ தேவையில்லை. விரிசல் அரிது, பிளவுத் திசை இல்லை, பட்டை முனைகள் கூராக அமையும். பளபளப்பு கண்ணாடி போன்றதே தவிர வைரத்தின் உலோகச் சாயல் வராது. தனியாகப் பார்த்தால் குறை தெரியாது. கறுப்பு வைரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சட்டென்று தெரிந்துவிடும். ஆகவே ஒரே நகையில் இரண்டையும் கலந்து பதிக்காதீர்கள்.

ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் பொடிக்கற்களை நெருக்கமாகப் பதிக்கும் வேலைக்கு ஸ்பினலை நான் முதலில் வைப்பேன். அந்த அளவில் உலோகச் சாயல் கண்ணுக்கு எட்டாது. பதிக்கும்போது உடையும் கற்களோ வெகுவாகக் குறையும். இயற்கைக் கல் வேண்டும், வைரமாக இருக்க வேண்டியதில்லை என்பவருக்கு இதைவிட நேர்மையான கறுப்பு இல்லை.

## ஒனிக்ஸும் மற்றவையும்

கடையில் கிடைக்கும் சீரான கறுப்பு ஒனிக்ஸ் பெரும்பாலும் சாயமேற்றிய கால்சிடனி (குவார்ட்ஸ் வகைக் கல்). சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்துக் கந்தக அமிலத்தில் இட்டால் துளைகளுக்குள் கரி படியும். இது பழங்காலந்தொட்டு வரும் முறை. நிறம் நிலைக்கும். ஆனால் வீட்டுத் தூசியில் உள்ள குவார்ட்ஸ் துகள் மோஸ் 7. துடைக்கத் துடைக்க ஒனிக்ஸின் மெருகு மங்கும், கறுப்பின்மேல் ஒவ்வொரு கீறலும் வெள்ளையாகத் தெரியும். பெரிய தட்டைக் கல், முத்திரை மோதிரம், மணிமாலை ஆகியவற்றுக்கு ஏற்றது. மறுமெருகு போடுவதும் சுலபம்.

கறுப்பு சபையர் உறுதியானது, மங்கலானது. கறுப்பு கியூபிக் சிர்கோனியா அலங்கார நகைக்குச் சரி; கையில் எடுத்தாலே கனம் காட்டிக்கொடுக்கும்.

## கல்லைத் தனியாகச் சோதிப்பது

நகைக்கடைகளில் உள்ள கைச் சோதனைக் கருவி இங்கே ஏமாற்றும். வெப்பம் கடத்தும் திறனை மட்டும் பார்க்கும் கருவி வைரத்துக்கும் மொய்சனைட்டுக்கும் ஒரே பதிலைச் சொல்லும். மின்கடத்தலையும் பார்க்கும் கருவியோ நேரெதிராகத் தவறும்: உண்மையான கறுப்பு வைரத்திலுள்ள கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தினால், அதை "மொய்சனைட்" என்று காட்டிவிடும். இப்படி நல்ல வைரத்தைப் போலி என்று திருப்பிக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது.

பதிக்காத கல் என்றால் நீரில் எடை பார்ப்பது எளிய, நம்பகமான வழி. 0.01 காரட் வரை காட்டும் தராசில் முதலில் காற்றில் எடை. பிறகு தராசின் தட்டைத் தொடாத ஒரு தாங்கியில் நீர்க் கிண்ணத்தை வைத்து, மெல்லிய கம்பிக் கூடையில் கல்லை நீருக்குள் தொங்கவிட்டு எடை. கூடையின் எடையைக் கழித்துவிட வேண்டும். காற்றில் உள்ள எடையை, நீரில் குறைந்த எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி. 2.00 காரட் கல்லை எடுத்துக்கொண்டால், வைரம் நீரில் சுமார் 1.43 காட்டும், மொய்சனைட் 1.38, கியூபிக் சிர்கோனியா 1.65 அளவில், ஒனிக்ஸ் 1.23. கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெட்டுவிடும். நீரில் ஒரு துளி சோப்பு விட்டு, பிரஷால் கல்லைத் தடவிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஸ்பினல் 1.44 காட்டும், வைரத்துக்கு மிக அருகில். ஆகவே ஸ்பினலைப் பிரிக்க வெப்பக் கருவிதான் வேண்டும். அது ஸ்பினலை வைரம் என்று சொல்லாது. இரண்டாவது, அரை காரட்டுக்குக் கீழே வைரத்துக்கும் மொய்சனைட்டுக்கும் உள்ள வேறுபாடு தராசின் பிழைக்குள் மறைந்துவிடும். பதித்த நகைக்கும் சிறு கல்லுக்கும் ஆய்வகத்தின் ராமன் நிறமாலைச் சோதனையே (லேசர் ஒளி சிதறும் விதத்தை வைத்துப் பொருளை இனங்காணும் முறை) முடிவு சொல்லும். இயற்கை நிறமா, பதப்படுத்தியதா என்பதை இந்த வீட்டுச் சோதனை எதுவும் சொல்லாது.

## பதிப்பது பற்றி

விரிசலுள்ள கறுப்பு வைரத்துக்கு நான்கு கொக்கிப் பிடி மோசமான தேர்வு. அழுத்தம் முழுவதும் நான்கு புள்ளிகளில் விழுகிறது, ஓரம் திறந்து கிடக்கிறது. விளிம்பு சுற்றிலும் உலோகத்தை மடித்துப் பிடிக்கும் பெசல் அமைப்பு அழுத்தத்தைப் பரப்பி, முனைகளையும் மூடிக்கொள்ளும். அடி திறந்திருக்க வேண்டிய அவசியமும் இதற்கில்லை. ஒளி உள்ளே போய்த் திரும்புவதில்லையே. பதிப்பவரிடம் "விளிம்பில் விரிசல் எங்கே இருக்கிறது" என்பதை லூப்பில் காட்டிவிட்டே வேலையைக் கொடுங்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்பதை அப்போதே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்; பல பட்டறைகள் கறுப்பு வைரத்துக்குப் பொறுப்பேற்பதில்லை.

கறுப்புக் கல்லோடு உலோகத்தையும் கறுப்பாக்கக் கறுப்பு ரோடியம் (ஓர் உலோகம்) பூச்சு கேட்பவர்கள், அது மோதிரத்தின் அடிப்பகுதியில் முதலில் தேயும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். மறுபடி மறுபடி பூசும் செலவு நகையின் ஆயுள் முழுக்கத் தொடரும்.

## எந்த நிலையில் எது

- பெரிய தனிக்கல், அரிய பொருள் என்ற மதிப்பு, பின்னாளில் விற்கும் எண்ணம்: நிறத்தின் மூலம் இயற்கை என்று எழுதிய அறிக்கையுடன் கூடிய வைரம். வேறெதுவும் இந்த இடத்தில் நிற்காது.
- பதக்கம், தோடு: பதப்படுத்திய வைரம். அடிபடாத இடம் என்பதால் அதன் பலவீனம் வெளியே வராது.
- கடினமான கைவேலை செய்பவரின் தினசரி மோதிரம்: மொய்சனைட், அல்லது பெசல் பிடியில், மேற்பரப்பு விரிசல் இல்லாத வைரம்.
- பொடிக்கல் நெருக்கப் பதிப்பு: ஸ்பினல்.
- மோதிர அளவு அடிக்கடி மாறக்கூடியவர்: மொய்சனைட். வைரமானால் ஒவ்வொரு முறையும் கழற்றிப் பதிக்க வேண்டும்.
- மணிமாலை: வைர மணிகளில் துளையின் ஓரம் ரம்பம்போல் இருக்கும், பட்டு நூலை அறுத்துவிடும். எஃகுக் கம்பியில் கோக்கச் சொல்லுங்கள். ஒரே சரத்தில் வைரமும் மொய்சனைட்டும் கலந்து வருவதுண்டு. ஆகவே சரத்தின் மூன்று நான்கு மணிகளை மட்டும் சோதித்துவிட்டு முழுச் சரத்துக்கும் சான்று தருபவரை ஏற்க வேண்டாம். ஒவ்வொரு மணியும் ராமன் கருவியின் கீழ் போக வேண்டும்.